பத்திலிருந்து எண்பது வரை

கிருஷ்ணகிரிக்கு அருகே நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றின் பின்பக்கம். மே மாதம், பகல் இரண்டு மணி. தகரக் கூரையின் கீழ் 60 கிலோவாட் சார்ஜர் ஒன்று நின்றது. இரு பக்கமும் இரண்டு கன். என் வண்டியில் இருப்பது 40 யூனிட் பேட்டரி, அதில் 18 சதவீதம் மிச்சம். கன்னை மாட்டியதும் திரையில் 44 கிலோவாட் என்று வந்தது. திருப்தியாகக் காபி குடிக்கக் கிளம்பினேன். அதற்குள் இன்னொரு வண்டி வந்து அடுத்த கன்னை எடுத்து மாட்டிக்கொண்டது. என் திரையில் 44 சரசரவென்று இறங்கி 29-இல் நின்றது. போர்டில் எழுதியிருக்கும் 60 அந்தப் பெட்டிக்கு, கன்னுக்கு அல்ல. இரண்டு பேர் வந்தால் பங்கு பிரித்துக்கொள்ளும்.

பக்கத்து வண்டியை ஓட்டி வந்தவர் கால் டாக்சிக்காரர். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

“புது வண்டியா சார்? எண்பது வந்ததும் கழட்டிடுங்க. அதுக்கு மேல ஆமை. பாத்ரூம் போய்ட்டு வந்தா ஒரு பர்சன்ட் ஏறியிருக்கும்.”

அவர் சொன்னது சரியா என்று பார்க்கவே கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். 80-ஐத் தொட 50 நிமிடம் ஆனது. அதற்குள் அவர் கழற்றிக்கொண்டு போய்விட்டார். முழு 60-ம் எனக்கே. இருந்தும் 85-இல் வேகம் 16 கிலோவாட், 90-இல் 9, 95-க்குப் பிறகு 6. கடைசி 20 சதவீதத்துக்கு இன்னும் 50 நிமிடத்துக்கு மேல் பிடித்தது. வாங்கிய மின்சாரத்தில் முக்கால் பங்கு ஏற ஆன நேரம், மீதிக் கால் பங்குக்கும் ஆகியிருக்கிறது.

இப்போது விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். “10-லிருந்து 80 சதவீதம் வரை 18 நிமிடத்தில்” என்பது ஹூண்டாய் ஐயானிக் 5-க்குச் சொல்லப்படும் கணக்கு. பொய் கிடையாது. 350 கிலோவாட் சார்ஜர் கிடைத்து, பேட்டரியும் சரியான சூட்டில் இருந்தால் அது நடக்கும். ஆனால் அந்தப் பத்தும் எண்பதும் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. மெதுவாக ஏறும் இரண்டு முனைகளையும் வெட்டிவிட்டு, நடுக்கண்டத்தை மட்டும் காட்டும் எண்கள் அவை. மீன் வியாபாரி தலையையும் வாலையும் எடுத்துவிட்டு எடை போட்டால் நமக்கு லாபம். இங்கே நேரத்தின் தலையையும் வாலையும் எடுத்தவருக்குத்தான் லாபம்.

எண்பதுக்குப் பிறகு ஏன் இப்படி? பலரும் சார்ஜரில்தான் ஏதோ கோளாறு என்கிறார்கள். நிலையத்தில் வேலை செய்யும் பையன்களிடம் சண்டைக்குப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தடை இருப்பது பேட்டரியின் உள்ளே.

டெல்டாவில் அறுவடை நேரத்தில் நெல் கிடங்கைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். லாரி வருகிறது. மூட்டைகளை இறக்கி உள்ளே கொண்டுபோய் அட்டி போட வேண்டும். கிடங்கு காலியாக இருக்கும்போது வேலை ஓடும்; வாசலைத் தாண்டியதும் கண்ட இடத்தில் போடலாம். பாதிக்கு மேல் நிறைந்துவிட்டால் ஒவ்வொரு மூட்டைக்கும் இடம் தேடி உள்ளே நடக்க வேண்டும், ஏற வேண்டும். அந்த நேரத்தில் லாரிக்காரர் பழைய வேகத்திலேயே தள்ளினால் மூட்டைகள் வாசலில் குவியும். குவிந்ததில் சிலவற்றைப் பிறகு உள்ளே எடுத்துவிடலாம். சில மழையில் நனைந்து முளைத்துப் போகும். கணக்குப் புத்தகத்தில் இருக்கும், அரிசியாகாது.

லித்தியம் பேட்டரியின் மைனஸ் பக்கம் அப்படி ஒரு கிடங்கு. பெரும்பாலான செல்களில் அது கிராஃபைட், பென்சில் முனையில் இருக்கும் அதே கரி. அடுக்கடுக்கான தாள்கள் போன்ற அமைப்பு அதற்கு. சார்ஜ் ஏறும்போது பிளஸ் பக்கத்திலிருந்து லித்தியம் அயனிகள் திரவத்தின் வழியே நீந்தி வந்து, அந்தத் தாள்களுக்கு நடுவே நுழைந்து உட்காருகின்றன. நுழைவதற்கு நேரம் வேண்டும். உள்ளே நகர்வதற்கு இன்னும் நேரம் வேண்டும். நாம் மின்னோட்டத்தைக் கூட்டினால் அயனிகள் வேகமாக வரும். உட்காரும் வேகம் அதற்கு ஈடாக அதிகரிக்காது. இடம் கிடைக்காதவை மேற்பரப்பிலேயே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். வாசலில் குவிந்த மூட்டை.

இதற்கான விளிம்பு எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தால் வயிற்றைக் கலக்கும். லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையும் மின்னழுத்தத்துக்கும், உலோகமாக மேலே படியும் மின்னழுத்தத்துக்கும் நடுவே இருப்பது ஏறக்குறைய பத்தில் ஒரு வோல்ட். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் செல்லின் 1.5 வோல்ட்டில் பதினைந்தில் ஒரு பங்கு. வேகமாகத் தள்ளத் தள்ள இந்த விளிம்பு கரைந்துகொண்டே வரும். செல் நிறைய நிறையவும் கரையும். செல்லின் மின்னழுத்தம் அதன் உச்ச வரம்பை எட்டியதும் அதற்கு மேல் போகவிடாமல் பிடித்துக்கொண்டு, மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைப்பதுதான் முறை. என் திரையில் 16, 9, 6 என்று இறங்கியது அதுதான்.

படிந்த லித்தியத்தில் ஒரு பகுதி பிறகு மெதுவாக உள்ளே போய்ச் சேரும். மீதி, திரவத்தோடு வினைபுரிந்து ஒன்றுக்கும் உதவாத படலமாகிவிடும். பேட்டரியின் கொள்ளளவு அந்த அளவுக்கு நிரந்தரமாகக் குறையும். இன்னும் மோசமாகப் போனால், படிந்தது ஊசி போலவும் பாசி போலவும் வளரும். பிளஸ்ஸையும் மைனஸ்ஸையும் பிரித்து வைத்திருக்கும் சவ்வின் தடிமன் 10, 20 மைக்ரான் அளவுதான், தலைமுடியைவிட மெல்லியது. அதைத் துளைத்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட்.

இந்தத் தொழிலின் வரலாறே இந்த ஊசியிடமிருந்து தப்பி ஓடிய கதைதான். 1970-களில் எக்ஸான் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் செய்த, திரும்பச் சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் லித்தியம் பேட்டரியில் மைனஸ் பக்கம் சுத்த லித்தியம் உலோகம். ஆற்றல் அதிகம், ஆபத்தும் அதிகம். கனடாவின் மோலி எனர்ஜி நிறுவனம் உலோக லித்தியம் செல்லைச் சந்தைக்கே கொண்டுவந்தது. 1989-இல் ஜப்பானில் போன் பேட்டரிகள் தீப்பிடித்து, அத்தனையையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று, நிறுவனமும் நொடித்தது. 1985-இல் அகிரா யோஷினோ செய்த முக்கியமான காரியம், உலோகத்தைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் கார்பனை வைத்தது. ஜான் குட்எனஃப் கண்டுபிடித்த கோபால்ட் ஆக்சைடு பிளஸ் பக்கம், யோஷினோவின் கார்பன் மைனஸ் பக்கம். 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது இந்தக் குடும்பத்தைத்தான். 2019-இல் மூவருக்கும் வேதியியல் நோபல்.

ஆக, உலோக லித்தியம் உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காகவே இந்த பேட்டரி பிறந்தது. அவசரப்பட்டு அதில் மின்சாரத்தைத் திணிக்கிறவர், முப்பது ஆண்டுகளுக்கு முன் உலகம் கைவிட்ட பழைய பேட்டரியைத் தன் இருக்கைக்கு அடியில் மறுபடி உற்பத்தி செய்துகொள்கிறார்.

வாசலை அகலப்படுத்த முடியாதா? முடியும், விலை உண்டு. கரியை மெல்லிய பூச்சாகப் பூசினால் அயனி உள்ளே நடக்க வேண்டிய தூரம் குறையும், சார்ஜ் சீக்கிரம் ஏறும். ஆனால் பூச்சு மெலிந்தால் செம்புத் தகடு, அலுமினியத் தகடு, சவ்வு இவற்றின் எடை பங்கு கூடும்; ஒரு கிலோ பேட்டரிக்குக் கிடைக்கும் கிலோமீட்டர் குறையும். தோஷிபாவின் எஸ்.சி.ஐ.பி. செல்லில் கரிக்குப் பதில் லித்தியம் டைட்டனேட். லித்தியம் படியும் மட்டத்திலிருந்து ஒன்றரை வோல்ட் தள்ளி நிற்பதால் எவ்வளவு வேகமாக ஏற்றினாலும் படிவுக்குப் பயமில்லை. அந்த ஒன்றரை வோல்ட்டும் செல்லின் மின்னழுத்தத்திலிருந்து கழிகிறதே! 3.6 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில் 2.3 வோல்ட். அதே தூரம் போகக் கனமான, விலை கூடிய பேட்டரி. பேருந்துக்குச் சரிப்படும், குடும்பக் காருக்குக் கட்டுப்படியாகாது. தூரம், வேகம், விலை, ஆயுள் நான்கையும் ஒரே பெட்டியில் தருகிறேன் என்று யாராவது சொன்னால், எதை மறைக்கிறார் என்று கேட்க வேண்டும்.

அடுத்தது சூடு. நம் ஊருக்கு இதுதான் பெரிய கவலை.

மின்னோட்டத்தை இரண்டு மடங்காக்கினால் உள்தடையால் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். பத்தாம் வகுப்புப் பாடம். ஒரு கார் பேட்டரியின் மொத்த உள்தடை பத்தில் ஒரு ஓம் என்று வைத்துக்கொள்வோம். 150 ஆம்பியரில் சார்ஜ் செய்தால் உள்ளே உண்டாகும் வெப்பம் 2.25 கிலோவாட். வீட்டுக் குளியலறை கீசர் ஒன்றைப் போட்டு பேட்டரிக்குள் வைத்த மாதிரி. 300 ஆம்பியருக்குப் போனால் 9 கிலோவாட், நாலரை கீசர். இந்த வெப்பத்தைக் குளிர்திரவம் சுமந்து வெளியே கொட்ட வேண்டும். வெளியே 41 டிகிரி கத்திரி வெயில் என்றால் எங்கே கொட்டுவது? அதற்காக ஏசி கம்ப்ரஸர் ஓடும், அதற்கும் மின்சாரம் போகும். கார்களுக்காவது அந்த வசதி உண்டு. நம் தெருவில் ஓடும் மின் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குக் காற்றுதான் குளிர்சாதனம். வெயிலில் நிறுத்தி வைத்து, சூடாகவே ஓட்டிவந்து, இறங்கிய கையோடு பிளக்கை மாட்டினால் செல் ஏற்கெனவே 45 டிகிரியைத் தொட்டிருக்கும். நல்ல வண்டி அந்த இடத்தில் சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும், அல்லது ஆற அமர ஏற்றும். அரை மணி நேரம் நிழலில் விட்டுப் பிறகு மாட்டுவது செலவில்லாத வைத்தியம்.

சூடு என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய சோதனை நல்ல சாட்சி. அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகம் 2012 மாடல் நிசான் லீஃப் கார்கள் நான்கை எடுத்துக்கொண்டது. அரிசோனாவில் ஃபீனிக்ஸ், நம் வேலூருக்கே வெயில் கடன் கொடுக்கும் ஊர். இரண்டு கார்களுக்கு மெதுவான ஏசி சார்ஜ் மட்டும், இரண்டுக்கு 50 கிலோவாட் வேக சார்ஜ் மட்டும். நான்கையும் 50,000 மைல் ஓட்டினார்கள். வேக சார்ஜ் வாங்கிய கார்கள் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்திருந்தன. ஆனால் அந்த வித்தியாசம் சில சதவீதம்தான். மெதுவாக ஏற்றிய கார்களுமே கொள்ளளவில் ஏறக்குறைய கால் பங்கை இழந்திருந்தன. வேகம் செய்த சேதத்தைவிட வெயில் செய்த சேதம் பெரிது. அந்த லீஃப் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு கிடையாது. அதே வரிசையில் 2018-இல் வந்த 40 யூனிட் லீஃபை ஒரே நாளில் இரண்டாம், மூன்றாம் முறை வேக சார்ஜரில் போட்டவர்கள், சார்ஜ் வேகம் பாதியாகக் குறைந்ததைப் பார்த்துக் கொதித்தார்கள். முதல் சார்ஜில் ஏறிய சூடு இறங்கவே இல்லை. வண்டி தற்காப்புக்குக் கையைக் கட்டிக்கொண்டது.

குளிருக்கும் இதே கதை உண்டு, மறுபக்கத்திலிருந்து. குளிரில் அயனிகள் மந்தமாகிவிடும், வாசலில் தேக்கம் சீக்கிரம் வரும். 2024 ஜனவரியில் சிகாகோவில் கடுங்குளிர் அடித்தபோது டெஸ்லா சார்ஜிங் நிலையங்களில் கார்கள் வரிசைகட்டி உறைந்து நின்ற படங்கள் உலகமெங்கும் சுற்றின. நமக்கு ஊட்டி உறைபனிக் காலைகள் தவிர இந்தக் கவலை இல்லை.

போனுக்கு வருவோம். பெட்டியில் “120 வாட்” என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஷாவ்மி 2021-இல் கொண்டுவந்த 11டி புரோ போனில் 5,000 எம்.ஏ.எச். பேட்டரி, 120 வாட் சார்ஜர், 17 நிமிடத்தில் முழுதும் ஏறும் என்றார்கள். ஒரு கணக்குப் போடலாம். அந்த பேட்டரியின் ஆற்றல் ஏறக்குறைய 19 வாட்-மணி. உண்மையிலேயே 120 வாட் விடாமல் ஏறினால் பத்து நிமிடத்துக்குள் நிறைந்துவிட வேண்டும். நிறுவனமே 17 நிமிடம் என்கிறது. அப்படியென்றால் சராசரி சுமார் 67 வாட். 120 என்பது சில நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் எண். அந்தச் சில நிமிடத்துக்காகவும் பேட்டரியை இரண்டு செல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பாதிப் பாதியாகக் கொடுக்கிறார்கள். அது நல்ல பொறியியல்தான். எண்ணை வைத்துச் செய்யும் விற்பனையைத்தான் குறை சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்கும் போன்களின் பேட்டரி 800 முறை ஏற்றி இறக்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைக் காப்பாற்ற வேண்டும் என்பது சட்டம். நம் கடைகளில் பெட்டி மேல் வாட் எண் கண்ணைப் பறிக்கும். எத்தனை முறை தாங்கும் என்ற எண்ணைப் பெரும்பாலும் தேடத்தான் வேண்டும்.

சரி, பேட்டரிக்காரர்கள் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஓரளவு தீர்த்தும் வருகிறார்கள். 2025 மார்ச்சில் சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம் 1,000 வோல்ட், 1,000 ஆம்பியர், ஆக 1,000 கிலோவாட்டில் ஏறும் காரைக் காட்டியது. ஐந்து நிமிடத்தில் 400 கிலோமீட்டர் என்றது. அது தாராளமான சீன அளவுகோலின்படி வரும் கிலோமீட்டர் என்பதை மறக்காவிட்டாலும், சாதனை சாதனைதான். இனித் தடை எங்கே? தெருமுனையில்.

பெட்ரோல் பங்க்கில் குழாய் நிமிடத்துக்கு முப்பது நாற்பது லிட்டர் ஊற்றும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல். சாதாரண ரப்பர் குழாய் வழியே ஓடுவது 20 மெகாவாட்டுக்கு நிகரான ஓட்டம் என்று நினைக்கும்போது, நூறு ஆண்டுகளாக நாம் எவ்வளவு செல்லமாக வளர்க்கப்பட்டோம் என்று தெரிகிறது. மின் கார் சிக்கனமானது, அவ்வளவு தேவையில்லை. யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்றால் 525 கிலோமீட்டருக்கு 75 யூனிட் போதும். அதை ஐந்து நிமிடத்தில் ஏற்ற வேண்டுமானால் 900 கிலோவாட். கிராமத்துத் தெருக்களுக்கு மின்சாரம் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர்களில் 63, 100 கே.வி.ஏ. அளவுகள் சாதாரணம். 100 கே.வி.ஏ. பெட்டி ஒன்பது பத்தைச் சேர்த்துக் கட்டி, ஒரே ஒரு காருக்கு ஐந்து நிமிடம் ஒப்படைக்க வேண்டும். அடுத்த ஐந்து நிமிடம் யாரும் வராவிட்டால் அத்தனையும் சும்மா நிற்கும். வாங்கி வைத்த மின்பளுவுக்கு நிலைக்கட்டணம் மட்டும் சும்மா நிற்காது, மாதா மாதம் வரும். பி.ஒய்.டி.யே தன் நிலையங்களில் தனியாகச் சேமிப்பு பேட்டரிகளை வைத்து, கம்பியிலிருந்து மெதுவாக வாங்கி, காருக்கு வேகமாகக் கொடுக்கும் வழியைத்தான் எடுத்திருக்கிறது. பேட்டரியை நிரப்ப இன்னொரு பேட்டரி. அந்தச் செலவு கடைசியில் யூனிட் விலையில் வந்து உட்காரும்.

இவ்வளவும் படித்துவிட்டு வேக சார்ஜரே வேண்டாம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். அதற்கு எதிரான சான்றும் இருக்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை. அமெரிக்காவின் ரிகரண்ட் நிறுவனம் 2023-இல் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட டெஸ்லா கார்களின் தகவலை அலசியது. பெரும்பாலும் வேக சார்ஜிலேயே காலம் தள்ளிய கார்களுக்கும், அரிதாகவே அதைத் தொட்ட கார்களுக்கும் பேட்டரி தேய்மானத்தில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் தெரியவில்லை. எப்படி? அந்த கார்கள் கேட்டதையெல்லாம் கொடுப்பதில்லை. செல் குளிர்ந்திருந்தால் முதலில் சூடாக்கிக்கொள்ளும், சூடானால் திரவத்தை ஓட்டும், நிறைய நிறைய மின்னோட்டத்தைக் குறைக்கும். பலமுறை வேக சார்ஜ் வாங்கிய பேட்டரிக்கு உச்ச வேகத்தையே நிரந்தரமாகச் சற்றுக் குறைப்பதை டெஸ்லா 2017-லேயே ஒப்புக்கொண்டது. உரிமையாளர்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்துக்குக் காரணமான மறுப்புதான் அவர்களுடைய பேட்டரியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

எனக்கு வேகத்தைப் பற்றிப் பெரிய பயமில்லை. மறுக்கத் தெரியாத வண்டியைப் பற்றித்தான் பயம். அதைவிட, மறுக்கத் தெரிந்த வண்டியின் வாயை அடைப்பவர்களைப் பற்றி.

நம் நாட்டில் மின் ஸ்கூட்டர் தீ விபத்துகள் நிறைய நடந்த ஆண்டு 2022. அந்த மார்ச் கடைசியில் வேலூரில், சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்தது. புகை வீட்டை அடைத்து அப்பாவும் மகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். செப்டம்பரில் செகந்திராபாத்தில் ஓட்டல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த மின் ஸ்கூட்டர் ஷோரூமில் எழுந்த தீயின் புகை, மேலே தங்கியிருந்தவர்களில் எட்டுப் பேரைக் கொன்றது. இவற்றை வேக சார்ஜின் கணக்கில் எழுதுவது தவறு. ஆனால் லித்தியம் செல் கட்டுமீறினால் என்ன ஆகும் என்பதற்கு இவை பாடம்: கொல்வது பெரும்பாலும் நெருப்பு அல்ல, புகை. வீட்டுக்கு ஒரே வாசல், அந்த வாசலிலேயே ஸ்கூட்டர், ராத்திரி முழுக்க சார்ஜ் என்று இருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே நாலைந்து உண்டு. வெளியேறும் வழியில் வைக்கக் கூடாத பொருள் அது.

அந்த ஆண்டின் விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதியைத் திருத்தியது. 2022 டிசம்பர் 1-இல் முதல் கட்டம், 2023 மார்ச் 31-இல் இரண்டாம் கட்டம். பேட்டரிக்குள் வெப்ப உணரிகள், ஆபத்தில் ஒலியோடு எச்சரிக்கை, ஒரு செல் கொதித்தால் அடுத்ததற்குப் பரவுகிறதா என்ற சோதனை எல்லாம் அதில் வந்தன. நல்ல விதி. அதற்கு முன் விற்ற வண்டிகள் இன்னும் சாலையில் ஓடுகின்றன. செல் வாங்கி உள்ளூரிலேயே கட்டித் தரும் பேக்குகளை எந்த ஆய்வகமும் பார்ப்பதில்லை. “இந்த சார்ஜர் போடுங்க, மூணு மணி நேரத்துல ஏறிடும்” என்று விற்கப்படும் அதிக ஆம்பியர் சார்ஜர்களையும் யாரும் பார்ப்பதில்லை. பின் பொருந்துகிறது என்பதற்காக மாட்டிவிடுகிறோம். வண்டியும் சார்ஜரும் பேசிக்கொண்டு வேகத்தை முடிவு செய்யும் ஏற்பாடு அங்கே கிடையாது. ஒன்று கொடுக்கும், இன்னொன்று வாங்கும், அவ்வளவுதான்.

சென்ற கோடையில் எனக்குத் தெரிந்த பேட்டரி மெக்கானிக் ஒருவருடைய கடைக்குப் போயிருந்தேன். இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதில் தொடங்கி லித்தியம் வரை வந்தவர். மேசை மேல் ஸ்கூட்டர் பேக் ஒன்று பிளந்து கிடந்தது. உணவு டெலிவரி செய்யும் பையனுடையது. ஒன்றரை வருடத்தில் பாதித் தூரம்கூடப் போவதில்லை என்று கொண்டுவந்திருக்கிறான். ஓரத்துச் செல்கள் இரண்டு லேசாக உப்பியிருந்தன.

“இதைப் பாருங்க சார்” என்று டார்ச்சை அடித்துக் காட்டினார். செல்களின் நடுவே ஒட்டியிருக்க வேண்டிய வெப்ப உணரியைக் காணோம். பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். போர்டில் அதன் ஒயர் வரும் இடத்தில் கடுகு போல் சிறிய ரெசிஸ்டர் ஒன்றை வைத்து ஈயத்தால் பற்றவைத்திருந்தார்கள். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு வளையங்கள். பத்தாயிரம் ஓம். அந்த வகை உணரி சரியாக 25 டிகிரியில் காட்டும் அளவு அது. யாரோ ஒரு கடையில் நன்றாக விஷயம் தெரிந்தவர் செய்த வேலை. கத்திரி வெயிலில் அண்ணா சாலையில் நாள் முழுக்க ஓடினாலும், இறங்கியவுடன் அதிக ஆம்பியரில் மாட்டினாலும், அந்த பேட்டரியைப் பொறுத்தவரை எப்போதும் 25 டிகிரி. மார்கழிக் காலை.

“மத்தியானத்துல சார்ஜ் நின்னு நின்னு ஏறுதுன்னு போயிருக்கான். சரி பண்ணிக் குடுத்துட்டாங்க” என்றார். முந்நூறு ரூபாய் வாங்கினார்களாம்.

ரெசிஸ்டரைப் பிடுங்கிவிட்டுப் புது உணரி வைத்து, உப்பிய செல்களை மாற்றிக் கொடுத்தார். பையனிடம் எதற்காக என்பதையும் பொறுமையாக விளக்கினார். அவனும் தலையாட்டினான். இரண்டு நாள் கழித்து நான் அங்கே இருக்கும்போதே போன் வந்தது, ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணே, ஓட்டம் நல்லா வருது. ஆனா மத்தியானத்துல திரும்பவும் நின்னு நின்னு ஏறுதே, அதை மட்டும் ஏதாச்சும் பண்ண முடியுமா?”